லூபஸ்: மதிப்பெண் குறைந்தால் நோயாளி தேறிவிட்டாரா?

அனிஃப்ரோலுமாப் என்ற லூபஸ் மருந்தைச் சோதித்த இரண்டு பெரிய ஆய்வுகளின் முடிவுகள் 2019 கடைசியிலும் 2020 தொடக்கத்திலும் அடுத்தடுத்து வந்தன. டியூலிப்-1, டியூலிப்-2 என்று பெயர். மருந்து ஒன்று. நான்கு வாரத்துக்கு ஒருமுறை 300 மில்லிகிராம் டிரிப்பில் ஏற்றியதும் ஒன்று. நோயாளிகளும் கிட்டத்தட்ட ஒரே மாதிரியானவர்கள்தான். இரண்டிலும் 52 வாரம் கழித்துக் கணக்குப் பார்த்தார்கள். முதல் ஆய்வில் மருந்து ஏற்றிக்கொண்டவர்களில் 36 சதவீதம் பேர் தேறியதாகக் கணக்கு வந்தது. மருந்தே இல்லாத போலி டிரிப் ஏற்றிக்கொண்டவர்களில் 40 சதவீதம். படுதோல்வி. இரண்டாவது ஆய்வில் மருந்துக்கு 47.8 சதவீதம், போலிக்கு 31.5. வெற்றி. 2021 ஜூலையில் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. அந்த மருந்துக்கு அனுமதியும் கொடுத்துவிட்டது.

நடுவில் மாறியது, ஒருவர் 'தேறினார்' என்று எதை வைத்துச் சொல்வது என்கிற வரையறை. முதல் ஆய்வின் முடிவு தெரிந்தபிறகு, இரண்டாவது ஆய்வின் தரவுகளைத் திறந்து பார்ப்பதற்கு முன்பே, அளவுகோலை மாற்றினார்கள். அறிவித்துவிட்டுச் செய்ததால் இதில் விதிமீறல் எதுவும் இல்லை. ஆனால் லூபஸில் அளவுகோல் எவ்வளவு பெரிய விஷயம் என்று புரிந்துகொள்ள இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

சர்க்கரை நோய்க்கு, மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. ரத்தப் பரிசோதனை இருக்கிறது. ரத்த அழுத்தத்துக்கு மேலே ஒரு எண், கீழே ஒரு எண். லூபஸுக்கு அப்படி ஒற்றை எண் எதுவும் கிடையாது. உடம்பைக் காக்க வேண்டிய நோய் எதிர்ப்பு மண்டலமே உடம்பைத் தாக்கும் நோய் இது. எங்கே தாக்கும் என்பது ஆளுக்கு ஆள் மாறும். பாதிக்கப்படுகிறவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் பெண்கள், பெரும்பாலும் 15 முதல் 45 வயதுக்குள். ஒருவருக்கு மூக்கின் இரு பக்கமும் கன்னத்தில் சிவப்புத் தடிப்பும் மூட்டு வலியும் வரும். இன்னொருவருக்கு வெளியே எதுவுமே தெரியாது, சிறுநீரில் மட்டும் புரதம் போய்க்கொண்டிருக்கும். வேறொருவருக்குத் தட்டணுக்கள் குறையும், அல்லது வலிப்பு வரும். நோயைக் கண்டுபிடிக்க உதவும் ஏ.என்.ஏ. ரத்தப் பரிசோதனைகூட, நோய் இன்று எப்படி இருக்கிறது என்று சொல்லாது. ஒருமுறை பாசிட்டிவ் என்று வந்தபிறகு அதை மாதாமாதம் எடுத்துப் பார்ப்பது பணத்துக்குத்தான் கேடு.

ஒரு காலத்தில் இந்தக் குழப்பமே இல்லை. நோயாளி உயிரோடு இருக்கிறாரா என்பதுதான் ஒரே அளவு. 1955-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையிலிருந்து மெரல், ஷுல்மன் இருவரும் வெளியிட்ட கணக்குப்படி, லூபஸ் என்று தெரிந்தபின் நான்கு ஆண்டு உயிரோடு இருந்தவர்கள் ஏறத்தாழ பாதிப் பேர். இன்று வசதியான நாடுகளில் பத்து ஆண்டு கடந்தும் வாழ்பவர்கள் 90 சதவீதத்துக்கு மேல். ஸ்டீராய்டு, டயாலிசிஸ், சிறுநீரகத்தைக் காக்கும் மருந்துகள், நல்ல ஆன்டிபயாட்டிக்குகள் என்று பல காரணங்கள். உயிர் பிழைப்பது பெருமளவு உறுதியானதும், எப்படிப் பிழைக்கிறார்கள் என்ற கேள்வி தானாகவே முன்னுக்கு வந்தது. அதற்குப் பதில் சொல்லத்தான் 1980-களிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாக அளவுகோல்கள் செய்யப்பட்டன.

அவற்றில் அதிகம் புழங்குவது கனடாவின் டொராண்டோவில் உருவாகி 1992-ல் வெளியான ஸ்லீடாய். 2002-ல் திருத்திய வடிவத்துக்கு ஸ்லீடாய்-2கே என்று பெயர். தாளைக் கையில் எடுத்தால் 24 வரிகள், ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு எண். வலிப்பு வந்திருந்தால் 8. மனநோய் அறிகுறிகள் வந்தால் 8. ரத்தக்குழாய் அழற்சிக்கும் 8. இரண்டோ அதற்கு மேலோ மூட்டுகள் வீங்கி வலித்தால் 4. சிறுநீரில் ஒரு நாளைக்கு அரை கிராமுக்கு மேல் புரதம் போனால் 4. தோல் தடிப்பு, முடி உதிர்தல், வாய்ப்புண் இவற்றுக்குத் தலா 2. ரத்தத்தில் சி3, சி4 என்ற நோய் எதிர்ப்புப் புரதங்கள் குறைந்தால் 2, டி.என்.ஏ.வுக்கு எதிரான ஆன்டிபாடி கூடினால் 2. காய்ச்சல், தட்டணுக் குறைவு, வெள்ளையணுக் குறைவு தலா 1. எல்லாம் சேர்ந்தால் 105. நிஜத்தில் யாரும் அங்கே போவதில்லை. இருபதைத் தாண்டினாலே நிலைமை மோசம் என்று அர்த்தம்.

சரி, இதை இரண்டு பேருக்குப் போட்டுப் பார்ப்போம். ஒருவர் பள்ளி ஆசிரியை. தினமும் வேலைக்குப் போகிறார், வலி எதுவும் இல்லை. ஆனால் சி3 குறைவு, ஆன்டிபாடி அதிகம். அவர் மதிப்பெண் 4. இன்னொருவருக்கு ரத்தப் பரிசோதனையில் எல்லாம் சரி. ஆனால் காலையில் எழுந்து பல் துலக்கிவிட்டு மறுபடியும் படுக்க வேண்டியிருக்கிறது. உடம்பு முழுக்க வலி, தூக்கம் இல்லை, அடுப்பில் என்ன வைத்தோம் என்பதே மறந்துபோகிறது. அவர் மதிப்பெண் பூஜ்யம். 24 வரிகளில் எங்கேயும் அசதிக்கு இடம் கிடையாது. லூபஸ் உள்ளவர்களிடம் எது உங்களை அதிகம் படுத்துகிறது என்று கேட்டால் முதலில் வருவது பெரும்பாலும் அசதிதான் என்பது உலகம் முழுக்கப் பலமுறை பதிவான விஷயம்.

இன்னொரு ஓட்டை, ஒவ்வொரு வரியும் 'உண்டு, இல்லை' என்ற கணக்கு. சிறுநீரில் ஒரு நாளைக்கு 5 கிராம் புரதம் போய்க்கொண்டிருந்தவருக்குச் சிகிச்சைக்குப் பிறகு 0.6 கிராமாகக் குறைகிறது. டாக்டர் சந்தோஷப்படுவார், நோயாளியின் கால் வீக்கம் வற்றியிருக்கும். ஸ்லீடாய் அப்போதும் 4 என்றே சொல்லும். சிவப்பணுக்கள் உடைந்து ஹீமோகுளோபின் பாதாளத்துக்குப் போகும் ரத்தசோகை லூபஸில் வரும் ஆபத்தான சிக்கல். அதற்கு இந்தத் தாளில் வரியே இல்லை. போர்ச்சுகலில் 2019-ல் வெளியான ஸ்லீ-டாஸ் என்ற புதிய அளவுகோல் இந்த இரண்டையும் சரிசெய்யப் பார்த்தது. ஆனால் பழகிய தாளை மருத்துவர்கள் அவ்வளவு சீக்கிரம் கைவிடுவதில்லை.

எனக்கு ஸ்லீடாய்மேல் பெரிய கோபம் இல்லை. ரெண்டு நிமிஷத்தில் போட்டுவிடலாம், கூட்டம் நிறைந்த ஓ.பி.யில் அது பெரிய வசதி. அழற்சி எங்கே எரிகிறது என்று காட்டத்தான் அது செய்யப்பட்டது, அதைக் காட்டுகிறது. நோயாளியின் வாழ்க்கையைக் காட்டும் என்று அதனிடம் எதிர்பார்ப்பதில்தான் கோளாறு.

பிரிட்டனில் வந்த பிலாக் வேறு வழியில் போனது. 1980-களில் தொடங்கி 2004-ல் திருத்தப்பட்ட இந்த முறையில் மொத்த மதிப்பெண்ணைப் பார்ப்பதில்லை. தோல், மூட்டு, சிறுநீரகம், மூளை என்று 9 பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஏ முதல் ஈ வரை எழுத்து போடுவார்கள். ஏ என்றால் உடனே பலமான சிகிச்சை தேவைப்படும் அளவுக்கு நோய் கிளம்பியிருக்கிறது. ஈ என்றால் அந்தப் பகுதியில் நோய் இதுவரை எட்டிப் பார்த்ததே இல்லை. நுணுக்கமானது, ஆனால் கிட்டத்தட்ட நூறு கேள்விகள். பயிற்சி இல்லாமல் நிரப்பினால் தப்பும் தவறுமாகத்தான் வரும்.

டியூலிப் கதைக்குத் திரும்புவோம். முதல் ஆய்வு பயன்படுத்தியது எஸ்.ஆர்.ஐ.-4 என்ற அளவு. ஸ்லீடாய் குறைந்தது 4 புள்ளி இறங்க வேண்டும், வேறெங்கும் மோசமாகக் கூடாது. 2011-ல் எஃப்.டி.ஏ. அனுமதி பெற்ற பெலிமுமாப், அரை நூற்றாண்டுக்குப் பிறகு லூபஸுக்கென்று வந்த முதல் புதிய மருந்து, இதே அளவில்தான் ஜெயித்திருந்தது. இரண்டாவது டியூலிப் ஆய்வு எடுத்துக்கொண்டது பிக்லா. பிலாக்கில் ஏ, பி எழுத்து வாங்கிய பகுதிகள் எல்லாம் ஒரு படியாவது இறங்க வேண்டும். முழுக்க மறையாமல் ஓரளவு குறைந்தாலும் பிக்லாவில் தெரியும், எஸ்.ஆர்.ஐ.-யில் தெரியாமல் போகலாம். ஆகவே அளவுகோலை மாற்றியதால்தான் வெற்றி என்று முடித்துவிடலாமா? அங்கேதான் சிக்கல். இரண்டாவது ஆய்வில் அதே பழைய எஸ்.ஆர்.ஐ.-4-ஐப் போட்டுப் பார்த்தபோதும் மருந்துக்கு 55.5 சதவீதம், போலிக்கு 37.3 என்று மருந்தே முன்னால் நின்றது. ஒரே மருந்து, ஒரே அளவுகோல், ஒரு தடவை இல்லை என்கிறது, இன்னொரு தடவை ஆமாம் என்கிறது. போலி டிரிப் ஏற்றிக்கொண்டவர்களும் ஸ்டீராய்டு உட்பட வழக்கமான மருந்துகளை எடுத்துக்கொண்டுதான் இருந்தார்கள் என்பதும் கணக்கைக் கலக்கியது. ஒன்று மட்டும் தெளிவு: கையில் இருக்கும் தராசு ஆடுகிறது.

அப்புறம், அழற்சி அடங்கிய பிறகு மிஞ்சுவது என்ன என்ற கேள்வி. இதற்கு 1996-லிருந்து ஒரு சேதக் கணக்கு இருக்கிறது. ஸ்லிக் என்ற சர்வதேச லூபஸ் மருத்துவர்கள் குழுவும் மூட்டுவாத நோய் மருத்துவர்களின் அமைப்பான அமெரிக்க ரூமட்டாலஜி கல்லூரியும் சேர்ந்து செய்தது. உடம்பின் 12 பகுதிகளில், ஆறு மாதமாவது நீடித்த, இனித் திரும்பாத சேதங்களை எண்ணுவது. கண்புரை 1. எலும்பு மெலிந்து முறிவு ஏற்பட்டால் 1. இடுப்பு எலும்பின் தலை ரத்த ஓட்டம் இல்லாமல் செத்துப்போனால் 1. சர்க்கரை நோய் 1. நாற்பது வயதுக்குள் மாதவிடாய் நின்றுபோனால் 1. சிறுநீரகம் முழுக்கச் செயலிழந்தால் 3. இந்த எண் ஏறும், இறங்காது. தொடக்க ஆண்டுகளிலேயே இது ஏறினால் பிற்கால ஆயுளும் குறையும் என்பது பல நாடுகளில் உறுதியாகியிருக்கிறது.

பட்டியலை இன்னொரு தடவை படித்துப் பாருங்கள். கண்புரை, எலும்பு முறிவு, இடுப்பு எலும்புச் சிதைவு, சர்க்கரை: எல்லாம் நீண்டகால ஸ்டீராய்டு கொண்டுவந்து சேர்ப்பவை. மாதவிடாய் சீக்கிரம் நிற்பது, சிறுநீரகத்தைக் காப்பாற்றக் கொடுக்கும் சைக்ளோபாஸ்பமைடின் விளைவாக இருக்கலாம். நோய் செய்த சேதமா, மருந்து செய்த சேதமா என்று இந்தக் கணக்கு பிரித்துப் பார்ப்பதில்லை. வேண்டுமென்றே அப்படி வைத்தார்கள், அது சரியும்கூட. நோயாளிக்கு இரண்டும் ஒன்றுதானே. ஸ்லீடாயை வேகமாகக் கீழே இறக்க எளிதான வழி ஸ்டீராய்டைக் கூட்டுவது. இன்று நல்ல மதிப்பெண் வாங்கிக் கொடுக்கும் அதே மாத்திரை, பத்து வருஷம் கழித்து சேதக் கணக்கில் புள்ளியாக வந்து உட்காரும். லூபஸ் அளவீட்டில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இந்த முரண்தான்.

இனி நோயாளியிடமே கேட்கும் அளவுகோல்கள். எல்லா நோய்க்கும் பொதுவான எஸ்.எஃப்.-36, 1990-களில் அமெரிக்காவிலிருந்து வந்தது. 36 கேள்விகள், 8 பிரிவுகள், பூஜ்யம் முதல் 100 வரை. லூபஸ் நோயாளிகளையும் மற்ற நோயாளிகளையும் ஒப்பிட இதுதான் வசதி. ஆனால் மிதமான உடல் வேலைக்கு அதில் வரும் உதாரணங்கள் மேசையை நகர்த்துவது, வேக்குவம் கிளீனர் தள்ளுவது, பௌலிங், கோல்ஃப். குடத்தில் தண்ணீர் தூக்குவது, துணி அலசிப் பிழிவது, தரையில் உட்கார்ந்து எழுந்திருப்பது என்று கேட்டால்தான் நம் ஊர்ப் பெண்ணின் முட்டியும் மணிக்கட்டும் பதில் சொல்லும். மற்ற மொழிக்குக் கொண்டுபோகும்போது கேள்விகளை இப்படி மாற்றி, மறுபடி சோதித்துத்தான் பயன்படுத்த வேண்டும் என்பது விதி.

லூபஸுக்கென்றே செய்தவற்றில் பேர்பெற்றது இங்கிலாந்தில் 2007-ல் வந்த லூபஸ்-க்யூ.ஓ.எல். கேள்விகளை மருத்துவர்கள் உட்கார்ந்து யோசித்து எழுதவில்லை. நோயாளிகளிடம் நீண்ட நேரம் பேசி, அவர்கள் சொன்னதிலிருந்து எடுத்தார்கள். அது பிரிவுகளிலேயே தெரிகிறது: உடல் இயக்கம், வலி, முன்கூட்டித் திட்டமிடுதல், தாம்பத்தியம், பிறருக்குப் பாரமாக இருக்கிறோம் என்ற எண்ணம், மனநிலை, தோற்றம், அசதி. மொத்தம் 34 கேள்விகள். திட்டமிடுதல் ஏன் தனிப் பிரிவாக வந்தது என்று முதலில் விளங்காது. அடுத்த வாரக் கல்யாணத்துக்கு வருகிறேன் என்று வாக்குக் கொடுக்க முடியாமல் இருப்பது எப்படிப்பட்ட வாழ்க்கை என்று யோசித்தால் விளங்கும். பாரமாக இருக்கிறோம் என்பதும் அப்படித்தான். மாமியாரும் நாத்தனாரும் சேர்ந்து இருக்கும் வீட்டில் பகலில் படுத்திருக்கும் மருமகளுக்கு அந்தப் பிரிவைப் பற்றி யாரும் விளக்க வேண்டியதில்லை.

கணக்கு எளிது. கடந்த நான்கு வாரத்தில் இந்தத் தொல்லை எவ்வளவு நேரம் இருந்தது என்ற கேள்விக்கு 'எப்போதும்' என்றால் 0, 'ஒருபோதும் இல்லை' என்றால் 4. அசதிப் பிரிவில் நான்கு கேள்விகள். ஒருவர் 1, 1, 2, 0 என்று பதில் தந்தால் சராசரி 1. அதை நான்கால் வகுத்து நூறால் பெருக்கினால் 25. எண் கூடக் கூட வாழ்க்கை நன்றாக இருக்கிறது என்று பொருள். எட்டுப் பிரிவுக்கும் எட்டு எண் வரும், ஒன்றாகக் கூட்டுவதில்லை. வலியில் 80 வாங்கியவர் தோற்றத்தில் 20 வாங்கலாம், இரண்டையும் கலந்து 50 என்று சொன்னால் யாருக்கும் உபயோகம் இல்லை. தாம்பத்தியம் பற்றிய கேள்விகளுக்கு 'எனக்குப் பொருந்தாது' என்ற வாய்ப்பும் உண்டு. கூட வந்த அண்ணனோ அப்பாவோ பக்கத்தில் நிற்கும்போது அந்தத் தாளை நீட்டினால் என்ன பதில் வரும் என்பதைச் சொல்ல வேண்டாம். அதனால்தான் இவற்றைத் தனியாக உட்கார்ந்து நிரப்பச் சொல்கிறார்கள்.

சிங்கப்பூரில் 2005-ல் 40 கேள்விகளோடு ஸ்லீக்யூஓஎல் வந்தது. சிகிச்சையால் வரும் தொல்லைகளையும் கேட்கும் ஆசிய முயற்சி. அமெரிக்காவில் 2012-ல் வந்த லூபஸ்-ப்ரோ பிள்ளைப்பேறு, மருத்துவ கவனிப்பில் திருப்தி, சுற்றத்தாரின் ஆதரவு வரைக்கும் போகிறது. அசதிக்கென்றே 13 கேள்விகள் கொண்ட ஃபேசிட் தாள் இருக்கிறது. பூஜ்யம் முதல் 52 வரை, நான்கு புள்ளி அளவுக்கு ஏறினால் நோயாளியால் உணர முடிகிற முன்னேற்றம் என்று பொதுவாக எடுத்துக்கொள்கிறார்கள்.

இவற்றை எல்லாம் ஸ்லீடாயோடு ஒப்பிட்ட ஆய்வுகள் நிறைய. முடிவு ஏறத்தாழ ஒன்றுதான்: இரண்டுக்கும் தொடர்பு மிகக் குறைவு. அழற்சி அடங்கினாலும் வாழ்க்கைத் தரம் அப்படியே கிடக்கலாம். அமெரிக்காவின் ட்யூக் பல்கலைக்கழக மருத்துவர்கள் இதைப் புரியவைக்க ஒரு வழி சொன்னார்கள். முதல் வகை அறிகுறிகள் நேரடியாக அழற்சியால் வருபவை: மூட்டு வீக்கம், தடிப்பு, சிறுநீரகப் பாதிப்பு. இவை ஸ்டீராய்டுக்கும் நோய் எதிர்ப்பை அடக்கும் மருந்துகளுக்கும் மட்டுப்படும். இரண்டாம் வகை: அசதி, உடம்பு முழுக்க வலி, தூக்கமின்மை, மனச்சோர்வு, மந்தமான நினைவு. இவை அந்த மருந்துகளுக்குச் சரியாக மசியாது. இரண்டாம் வகைக்கு டோஸைக் கூட்டிக்கொண்டே போனால் அசதி போகாது, எலும்புதான் போகும். இந்தப் பிரிவினை எல்லாருக்கும் துல்லியமாகப் பொருந்தாது, நிறையப் பேருக்கு இரண்டும் கலந்தே வரும். ஆனாலும் "ரிப்போர்ட் நன்றாக இருக்கிறது, உங்களுக்கு ஒன்றும் இல்லை" என்ற பதிலைவிட இது நோயாளிக்கு எவ்வளவோ மேல்.

கடந்த பத்து ஆண்டுகளில் நடந்த நல்ல காரியம், ஸ்டீராய்டு டோஸையே அளவுகோலுக்குள் கொண்டுவந்தது. ஆசிய-பசிபிக் லூபஸ் கூட்டமைப்பு 2016-ல் வெளியிட்ட 'குறைந்த நோய்த் தீவிர நிலை' என்ற இலக்கின்படி, ஸ்லீடாய் 4-க்குள் இருக்க வேண்டும், முக்கிய உறுப்புகளில் நோய் இருக்கக் கூடாது, புதிதாக எதுவும் கிளம்பக் கூடாது, கூடவே பிரட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு ஒரு நாளைக்கு 7.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. நோய் முழுக்க அடங்கிய நிலைக்கென்று 2021-ல் இறுதியான டோரிஸ் வரையறை இன்னும் கறாரானது: உடம்பில் தெரியும் அறிகுறி பூஜ்யம், ஸ்டீராய்டு 5 மில்லிகிராமுக்குள். லூபஸுக்கு வழக்கமாகக் கொடுக்கும் ஹைட்ராக்சிகுளோரோகுயின் மாத்திரை தொடரலாம். ரத்தத்தில் ஆன்டிபாடி கூடியிருந்தாலும் பரவாயில்லை, அதற்காக நோயாளியை ஃபெயில் ஆக்குவதில்லை. ஸ்டீராய்டும் அந்த அளவுக்குள் இருந்தால், மேலே பார்த்த ஆசிரியை இதில் பாஸாகிவிடுவார்.

ஆசிய-பசிபிக் இலக்கில் கண்காணிப்புக் காலத்தின் பாதியாவது இருந்தவர்களுக்கு நிரந்தரச் சேதம் குறைவாக ஏற்பட்டது என்று 2019-ல் வெளியான பெரிய தொடர் ஆய்வு காட்டியது. வாழ்க்கைத் தர எண்களும் அவர்களுக்குச் சற்று மேலாகவே இருந்தன. 'சற்று' என்பதைக் கவனிக்க வேண்டும். ஐரோப்பிய ரூமட்டாலஜி அமைப்பு யூலார் 2023-ல் புதுப்பித்த பரிந்துரைகளும் நீண்டகால ஸ்டீராய்டை 5 மில்லிகிராமுக்குள் வைக்கச் சொல்கின்றன, முடிந்தால் நிறுத்தவும் சொல்கின்றன. இதைப் படித்துவிட்டு யாரும் வீட்டில் தாங்களாகவே மாத்திரையைக் குறைக்கக் கூடாது. பல மாதம் எடுத்ததைச் சட்டென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து.

இந்தியாவிலும் இன்ஸ்பயர் என்ற பெயரில், புதிதாக லூபஸ் கண்டுபிடிக்கப்பட்டவர்களைத் தொடக்கத்திலிருந்தே பின்தொடரும் பல மருத்துவமனைத் திட்டம் நடக்கிறது. புதுச்சேரி ஜிப்மர் அதில் ஒன்று. ஆனால் அன்றாட ஓ.பி.யில் நிலைமை வேறு. ஒரு நோயாளிக்கு ஐந்து நிமிடம் கிடைத்தால் பெரிது. 34 கேள்விக்கு யாரிடம் நேரம் இருக்கிறது? முழுத் தாள் முடியாத இடத்தில் மூன்று விஷயத்தை ஒவ்வொரு வருகையிலும் ஃபைலில் எழுதினாலே போதும் என்பது என் கட்சி: இன்றைய ஸ்டீராய்டு டோஸ், பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் அசதி எவ்வளவு, உடம்பு முடியாமல் போன மாதம் எத்தனை நாள் வேலையோ வீட்டுக் காரியமோ நின்றது. முதலாவதை டாக்டர் எழுதிவிடுவார். மற்ற இரண்டையும் நோயாளியே ஒரு காலண்டரில் குறித்துக்கொண்டு போகலாம். "ரொம்ப அசதியா இருக்கு டாக்டர்" என்று சொன்னால் காற்றோடு போய்விடும். "போன மாசம் ஒன்பது நாள் சமைக்க முடியல, அதுக்கு முந்தின மாசம் நாலு நாள்" என்றால் டாக்டர் பேனாவை எடுப்பார்.

எடுத்த பிறகு செய்வதற்கும் விஷயம் இருக்கிறது. அசதிக்குப் பின்னால் ரத்தசோகையோ தைராய்டோ ஒளிந்திருக்கலாம், இரண்டையும் பரிசோதனையில் பிடித்துவிடலாம். தூக்கத்தையும் மனச்சோர்வையும் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள முடியும், இரண்டுக்கும் சிகிச்சை உண்டு. உடம்புக்கு ஏற்றபடி மெதுவாகத் தொடங்கிக் கூட்டிக்கொண்டு போகும் உடற்பயிற்சி லூபஸ் அசதியைக் குறைக்கிறது என்பதற்கு ஆய்வு ஆதாரம் இருக்கிறது. வெயிலுக்கு அஞ்ச வேண்டிய நோய் என்பதால் நடைப்பயிற்சி என்றால் விடிகாலையிலோ பொழுது சாய்ந்த பிறகோதான்.